ஓதிக்கு எதுக்கு தொப்புள்

உள்ள போன பதினேழாம் நம்பர் இன்னும் வெளிய வரல. பெரியநாயகி இருபதாம் நம்பர். காலைல ஒம்பதரைக்கு வந்து இந்த பெஞ்சுல உக்காந்தவ, இப்ப மணி பன்னெண்டே கால், நடுவுல எந்திரிச்சது ஒரே ஒரு தடவை, அதுவும் தண்ணி குடிக்க, போயிப் பாத்தா கேன்ல தண்ணி இல்ல. வழக்கமா இருந்தா அந்தக் கேனைத் தூக்கிட்டு ஆபீஸ் ரூமுக்கே போயி, நாங்கல்லாம் என்ன ஒட்டகமா சார்னு கேட்டுட்டு வந்திருப்பா. இன்னைக்கு கேனைப் பாத்தா, சரின்னு திரும்பி வந்து உக்காந்துட்டா. கோவப்படக்கூட உடம்புல ஒரு தெம்பு வேணும்ல. பத்தொம்பது நாளா தூக்கம் சரியில்ல, கண்ணு உறுத்துது, கழுத்துக்குப் பின்னாடி ஒரு நரம்பு யாரோ புடிச்சு இழுத்துட்டே இருக்கறாப்ல இருக்கு. மடியில சார்ட் ட்யூப். அதுக்குள்ள ரெண்டு தாள். ஒண்ணுல ஓதி, இயற்கையிலேருந்து ஒரு ஜீவனைக் கற்பனை பண்ணி வரையணும்ங்கற கடைசி ப்ராஜெக்ட்டுக்கு அவ உருவாக்குனது. தலையிலேருந்து அடிவரைக்கும், வெளித்தோலு, உள்ளுறுப்பு, குறுக்க அறுத்தா எப்படி இருக்கும், கோடையில எப்படி, மழையில எப்படின்னு ஆறு மாசம் உக்காந்து போட்டது. இன்னொண்ணுல ஓதியோட அம்மா. அது நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துல போட்டது. அது பொய். பாக்க ரொம்ப அழகா இருக்கற பொய், அதான் இன்னும் கடுப்பு. அந்தத் தாளைக் காட்டுனா அம்புரோஸ் சார் கையெழுத்து போடுவாரு, படிப்பு முடிஞ்சுது, மூட்டையைக் கட்டலாம். காட்டலன்னா இன்னொரு ஆறு மாசம், அதே ரூம், ஜூனியர் பசங்களோட, அதே அம்புரோஸ். போன ரிவ்யூல அவரு அத ஒரு மிரட்டலாக்கூட சொல்லல. பேனாவை மூடிக்கிட்டே, "அடுத்த தடவை அம்மா வந்தாதான் பாஸ்"னாரு. ஏதோ பள்ளிக்கூடத்துல வீட்டுலேருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்ற மாதிரி. மொத்த கிளாஸும் சிரிச்சுச்சு.

எதிர்ச் செவுத்துல ஓதம் ஏறியிருந்துச்சு, தரையிலேருந்து இடுப்பளவுக்கு ஈரம். மூணு வருஷத்துல அது எவ்வளவு வளந்திருக்குன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஏரியத் தூத்துத்தான் இந்தக் காலேஜைக் கட்டுனாங்க, அது எல்லாருக்கும் தெரியும், அட்மிஷன் புத்தகத்துல மட்டும் இருக்காது. மண்ணைக் கொட்டி மூடுனா ஏரி செத்துருமா என்ன, போக்கிடம் இல்லாம அடியில கெடந்துட்டு, செவுரு கெடைச்சா செவுத்து வழியா மேல ஏறிப் பாக்குது, அப்படி ஏறி வர்ற ஜீவன்தான் ஓதி. தனி ஒண்ணு இல்ல, ஒரு இனம், ஒவ்வொரு செவுத்துக்கும் ஒண்ணு. அதுக்கு எலும்பு கெடையாது, உப்புதான் எலும்பு, செவுத்துல வெள்ளையா பொரிப்பொரியா பூக்குதே அதான், கோடையில பூத்து நிமிந்து நிக்கும், மழைக்குக் கரைஞ்சு தரையோட படுத்துக்கும், அதனால ஓதிக்கு வருஷத்துக்கு ஒரு புது எலும்புக்கூடு. நெஞ்சு கெடையாது. நெஞ்சு இல்லாம தண்ணி எப்படி மேல ஏறும்னு முத ரிவ்யூல கேட்டாங்க, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுதே அதுக்கு எந்த நெஞ்சு அடிக்குதுன்னு திருப்பிக் கேட்டா. வாயி கெடையாது, முதுகால சாப்பிடும், பழைய சுண்ணாம்புச் செவுருன்னா அதுக்கு பிரியாணி, சிமெண்ட்டுன்னா பத்தியக் கஞ்சி. பெயிண்ட் உப்பி குமிழ் குமிழா நிக்குதே, அதெல்லாம் நுரையீரல், எவனாவது சும்மா நிக்கிறப்ப நகத்தால சொரண்டி உரிச்சு விட்டான்னா அன்னைக்கு ராத்திரி பூரா அதுக்கு இருமல். கண்ணும் கெடையாது. கண்ணு வெச்சாதான் பாக்கறவங்க மனசுல ஒட்டும்னு சார் சொன்னதுக்கு, அப்ப இடியாப்பம் எப்படி சார் எல்லாரு மனசுலயும் ஒட்டுச்சுன்னு கேட்டவ இவ. இப்படி ஒவ்வொரு உறுப்புக்கும் சண்டை போட்டு, ஒவ்வொண்ணுக்கும் காரணம் வெச்சு, எவன் எங்க கை வெச்சாலும் பதில் ரெடியா வெச்சிருந்தா. கடைசியா வயிறு. வயித்துல ஒரு புள்ளி. அதப் போட்டதே அவளுக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லன்னு சொல்றதும் முழு உண்மை இல்ல, ஆனா அது இப்ப வேணாம், இப்ப அங்க போனா திரும்ப வர நேரமாகும்.

"என்ன பெரிசு, பேய் தூங்குதா?" பக்கத்துல தொப்புன்னு உக்காந்தான் தமீம். அவன் பத்தொம்பதாம் நம்பர். பெரியநாயகின்னு முழுசாக் கூப்பிட வாயி வலிக்குதுன்னு முத வருஷமே பெரிசுன்னு ஆக்கிட்டான், இப்ப வாத்தியாருங்களே சில நேரம் அப்படித்தான் கூப்பிடுறாங்க.

"பேய்னு சொன்ன, பல்லு கொட்டிரும்."

"சரி, ஓதி. எங்க வீட்ல ஓதறதுன்னா குர்ஆன் ஓதறது. போன வாரம் எங்க உம்மாகிட்ட, ஒரு பொண்ணு ஓதின்னு ஒண்ணு வரையுதுன்னேன். மாஷா அல்லாஹ், நல்ல புள்ளைன்னுச்சு."

"உன்னுது என்னாச்சு, அந்த மான்?"

"மான் இல்லடி, ஆலமரத்துக் காவல் தெய்வம்."

"ஆலமரத்துக்கு எதுக்குடா மான் கொம்பு? ஆலமரம் என்ன எவனையாவது முட்டப் போவுதா?"

"கெத்துக்கு."

"அதான் காரணமா?"

"சார்கிட்ட அப்படியே சொன்னேன். நல்லா இருக்குன்னுட்டாரு. எல்லாத்துக்கும் காரணம் கேட்டா நீ நிம்மதியா சோறு திங்க மாட்ட பெரிசு. அம்மாவை வரைஞ்சிட்டல்ல?"

"ம்."

"காட்டு."

"மூடிட்டுப் போடா."

அவன் போகல, பையிலேருந்து வெள்ளரிக்காய் எடுத்து நறுக் நறுக்குன்னு கடிச்சுட்டே இருந்தான், அந்தச் சத்தம் அவ மண்டைக்குள்ள போயி ஒவ்வொண்ணா ஒடைஞ்சுது. கெத்துக்கு. ஒரே வார்த்தை, முடிஞ்சுது, அவனைப் பாத்து ஒரு நிமிஷம் நெசமாவே பொறாமையா இருந்துச்சு. கிளாஸ்ல முப்பத்தி நாலு பேரு, அதுல இருவது பேரு வரைஞ்சதுக்கு மான் கொம்பு, எங்கேருந்துடா வந்துச்சு இவ்வளவு மானுங்க, ஒருத்தனாவது நெசத்துல மானைப் பாத்திருப்பானா, கிண்டி பக்கம் பஸ்ல போறப்ப பாத்ததோட சரி. மீதிப் பேரு பொண்ணுங்க வரைஞ்சிருக்கானுங்க, ஆத்து தேவதை, காத்து தேவதை, எல்லாம் ஒரே இடுப்பு, அதுல ஒரு எலைய ஒட்டிவிட்டா இயற்கை. அந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் தொப்புள் இருந்துச்சு. எந்த சாராவது கேட்டாரா, ஆத்துக்கு எதுக்குய்யா தொப்புள்னு? கேக்கல. ஏன்னா அதுங்க தொப்புள் எல்லாரும் பாக்கறதுக்கு. ஓதிக்குத்தான் பாக்கற மாதிரி ஒண்ணும் இல்ல, அதனால அந்த ஒரு புள்ளி துருத்திட்டு நின்னுச்சு. அம்புரோஸ் சார் கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, தாளுக்குக் கிட்டப் போயி, ரொம்ப நேரம் பாத்துட்டு, "எல்லாம் சரி, இது என்ன?"ன்னாரு. தொப்புள் சார். "தெரியுது. எதுக்கு? பொறக்காத ஒண்ணுக்கு எதுக்கும்மா தொப்புள்?" அப்ப அவ தப்பா போட்டுட்டேன் சார்னு சொல்லியிருக்கலாம். ரப்பரை எடுத்து அழிச்சிருந்தா ரெண்டு நொடி, அவ்வளவுதான் வேலை. ஆனா அவ நாக்கு அவ சொல்றதுக்கு முன்னாடி போயிரும், சின்ன வயசுலேருந்து அப்படித்தான். "யாரு சொன்னா பொறக்கலன்னு? அதுக்கு அம்மா இருக்கு சார்." எங்க? "அடுத்த ரிவ்யூல காட்டுறேன்." சொல்றப்பவே தெரியும், பொய்யின்னு. சொல்றப்பவே இன்னொண்ணும் தெரியும், சரியான பதில் தன் கையிலயே இருக்குன்னு, அதச் சொல்லக் கூடாதுன்னும்.

அப்புறம் பத்தொம்பது நாளு அம்மாவைத் தேடுனா. ஏரிய வரைஞ்சு பாத்தா, ஏரி அம்மான்னா ஓதி ஏரியோட ஒரு துண்டுதான, கையை வெட்டிப் போட்டா கைக்குத் தொப்புள் இருக்குமா. மழைய வரைஞ்சா, மழைக்கு வயிறு எங்க இருக்குன்னு ரெண்டு நாள் போச்சு. கிணறு. பைப்பு. சிமெண்ட் கலக்குற மிஷினுக்கு மாரு வெச்சு ஒண்ணு வரைஞ்சு, தானே பாத்து சிரிச்சு, அப்புறம் சிரிப்பு நின்ன பொறவு அழுகை வர்ற மாதிரி இருந்து, எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தா. ஒவ்வொண்ணும் கிட்ட வந்து, தொப்புள் கிட்ட வந்து, நின்னுரும். காரணம் இல்லாம தொப்புள் எப்படி நிக்கும். கடைசியில நேத்து சாயங்காலம் கையி தானா போயி, எதப் போடவே கூடாதுன்னு மூணு வருஷமா எல்லாரையும் திட்டிட்டு இருந்தாளோ அதையே போட்டுச்சு: பூமித்தாய். நீளமா தலைமுடி, முடியெல்லாம் வேரு, மூடுன கண்ணு, வயிறு ஏரி மாதிரி வட்டமா, அந்த ஏரியிலேருந்து நூலு நூலா கொடி போயி ஒவ்வொரு செவுத்துலயும் ஒரு ஓதிய முட்டுது. முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாத்தா அழகா இருந்துச்சு. யாரு பாத்தாலும் அடடான்னு சொல்லுவாங்க. காலண்டர்ல போடலாம். பூமித்தாய்னு எவனாவது வரைஞ்சா அவன் கையை முறிக்கணும்னு கேன்டீன்ல வெச்சு கத்துன வாயி, அதே வாயி, மை காயறதுக்கு ஊதிட்டு இருந்துச்சு.

போன் அடிச்சுது. அம்மா. எடுக்க வேணாம்னு நெனச்சா, எடுக்கலன்னா மறுபடி அடிக்கும், மூணு தடவை அடிச்சப்புறம் பக்கத்துல இருக்கறவங்க போன்லேருந்து அடிக்கும். எடுத்தா. அந்தப் பக்கம் கட்டைத் துடுப்பு தண்ணியில அடிக்கிற சத்தம், அம்மா தொட்டிக்கிட்ட நின்னு மண்ணு கரைக்குது, விருத்தாசலத்துல, பொம்மை கம்பெனியில.

"பரீட்சை முடிஞ்சுதா பாப்பா?"

"பரீட்சை இல்லம்மா, ரிவ்யூ. இன்னும் கூப்பிடல."

"சாப்ட்டியா?"

"மணி என்ன ஆவுது, அதுக்குள்ள என்ன சாப்பாடு?"

"ஏண்டி எரிஞ்சு விழுற. ஒரு வார்த்தை கேட்டா குத்தமா. காலைலயே சொல்லணும்னு இருந்தேன், சாமிக்கு விளக்கு போட்டுட்டேன் உம் பேருக்கு. இல்ல, சொல்லிட்டேனா?"

"காலைலயே சொல்லிட்ட."

"சொல்லிட்டனா? பாரு. எனக்குத்தான் மறதியாச்சே."

"இல்லம்மா—"

"என்ன?"

துடுப்புச் சத்தம். தமீம் வெள்ளரிக்காயைக் கடிக்கறதை நிறுத்திட்டுப் பாத்தான்.

"ஒண்ணுல்ல. நீ சொல்லல. நான்தான் தூக்கத்துல இருந்தேன். வை, கூப்பிடறாங்க."

யாரும் கூப்பிடல. போனை பையில போட்டா, ஜிப்பு பாதியில மாட்டிக்கிச்சு, இழுத்தா வரல, விட்டுட்டா. எனக்குத்தான் மறதியாச்சே. இத அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கும். பால் பொங்குனா, சாவி காணோம்னா, பேசிட்டு இருக்கறப்ப ஒரு பேரு சட்டுன்னு வரலன்னா. எல்லாருக்கும் பால் பொங்குது, எல்லாருக்கும் சாவி காணாமப் போவுது, ஆனா அம்மாவுக்கு மட்டும் அது ஒரு சாட்சி. கடைக்குப் போனா வாங்க வேண்டியத உள்ளங்கையில பேனாவால எழுதிக்கும், மூணே சாமான், மூணையும் எழுதிக்கும், மண்ணு கரைச்சு கரைச்சு வெடிச்சுப்போன கை, பேனா அந்த வெடிப்புல எறங்கி எழுத்து கோணும், கடைக்காரரு கையை வாங்கிப் படிச்சுட்டு, என்ன கமலவேணி, எழுத்து உளுந்தா உப்பான்னு கேப்பாரு. வேணாம், இது அங்கதான் போவுது. வேற நெனைக்கணும். ஓதிக்குக் காது எங்க இருக்கு, அடிப்பாதத்துல, தரையில யாரு நடந்தாலும் அதுக்குக் கேக்கும், செருப்பு எது வெறுங்கால் எதுன்னு தெரியும். ஓதிக்கு மூளை எங்க இருக்கு. மூளை கெடையாது. ஆனா ஞாபகம் இருக்கு, வருஷா வருஷம் எவ்வளவு உசரம் ஏறுச்சோ அங்க ஒரு செம்பழுப்புக் கோடு போட்டுட்டு வரும், அதான் ஞாபகம், செவுரு பூரா கோடு, அது எதையும் மறக்காது, மறக்கணும்னு நெனச்சாலும் முடியாது, அது மேல எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சாலும். சே. எந்தப் பக்கம் திரும்புனாலும் அங்கயேதான் கொண்டுபோயி விடுது.

சரி. அப்ப அவளுக்கு ஒம்பது வயசு. முழுப்பரீட்சை லீவு. கொலு பொம்மைக்கு அப்பவே ஆர்டர் வந்துரும், கம்பெனியில கை போதாது, அம்மா அவளையும் கூட்டிட்டுப் போவும், தனியா வீட்ல விட முடியாதுல்ல. அம்மா அப்ப தொட்டியில இல்ல, மேஜையில. மேஜை வேலைன்னா கம்பெனியில ஒரு மரியாதை, உக்காந்து செய்யற வேலை, ஃபேனுக்கு அடியில. அச்சுல ஊத்தி எடுத்த செட்டியார் பொம்மைங்க பாதி காஞ்சு பலகை பலகையா வரும், தொந்தியத் தள்ளிட்டு வரிசையா நிக்கும். அம்மா அதுங்க மேல இருக்கற அச்சுக் கோட்டை ஈரப் பஞ்சால தொடைச்சு, அடியில இருக்கற ஓட்டையை மண்ணு வெச்சு மூடும், ஆடாம நிக்கணும்ல, அப்புறம் ஈர்க்குச்சியால தொந்தி நடுவுல ஒரு குத்து. தொப்புள். குச்சி உள்ள வரைக்கும் போவணும். ஒரு நாளு அம்மா அவகிட்ட குச்சியக் கொடுத்து, இந்தப் பலகைக்கு மட்டும் நீ குத்து, நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்னுச்சு. அன்னைக்கு காலைலதான் அவ அம்மாகிட்ட அடி வாங்கியிருந்தா, ஏதோ எதிர்த்துப் பேசுனதுக்கு, என்ன பேசுனான்னு இப்ப தெரியாது, எப்பவும் எதையாவது பேசிட்டுத்தான் இருந்தா. குச்சிய வாங்கிட்டு, பொம்மைக்கு ஏதும்மா அம்மா, அதுக்கு எதுக்கு தொப்புள்னு கேட்டா. சொன்னதச் செய்யுடின்னுட்டு அம்மா போயிருச்சு. அவ செய்யல. நாப்பத்தி ரெண்டு செட்டியாரு. ஒண்ணுக்கும் குத்தல. பொறக்காத ஒண்ணுக்கு எதுக்கு தொப்புள். அம்புரோஸ் சாருக்கு பன்னெண்டு வருஷம் முன்னாடியே அவ கேட்ட கேள்விதான் இது, அவருக்குத் தெரியாம அவளோட கேள்விய அவகிட்டயே கேட்டாரு. குச்சிய மடிச்சு ஒடைச்சு சன்னல் வழியா போட்டா. அம்மா வந்து பாத்துச்சா பாக்கலையா, அடுத்த பலகை அதுக்குள்ள வந்துருச்சு, மேல ஒரு துணிய விரிச்சு அத சூளைக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு சூளைக்குள்ள டப்பு டப்புன்னு சத்தம். அப்புறம் சத்தம் நிக்கவே இல்ல. உள்ள மாட்டிக்கிட்ட ஈரத்துக்குப் போக வழி இல்ல, சூடு ஏற ஏற ஆவியாயி முட்டி, தொந்தி தொந்தியா வெடிச்சுது, அது வெடிச்சுச் சிதறுன ஓடு பட்டு பக்கத்துத் தட்டுல இருந்த பொம்மைங்களும் போச்சு. தொப்புள் அழகுக்கு இல்ல. மூச்சு விடறதுக்கு.

அடி விழும்னு மேஜைக்கு அடியில உக்காந்திருந்தா. மேஸ்திரி கத்துனாரு, யாரு போட்ட பலகை இது, குத்துனாங்களா இல்லையான்னு. அம்மா தன் கையப் பாத்துச்சு. ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அதான் அவளால தாங்க முடியாதது, கத்தல் இல்ல, அடி இல்ல, அந்தப் பார்வை. அம்மாவுக்கு அவகிட்ட குச்சி கொடுத்ததே ஞாபகத்துல வரல, வேலை அவ்வளவு. "நான்தான் மேஸ்திரி. மறந்துட்டேன் போல"ன்னுச்சு. போலன்னு சொல்லுச்சே, அந்தப் போலங்கற வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருந்துச்சு, அந்த இடைவெளியில ஒரு ஒம்பது வயசுப் புள்ளை எந்திரிச்சு வந்து நின்னிருக்கலாம். எதுக்கெடுத்தாலும் வாயடிக்கற புள்ளை. வரல. மறதிக்காரிக்கு மேஜை வேலை சரிப்படாதுன்னு அடுத்த வாரமே அம்மாவைத் தொட்டிக்கு மாத்திட்டாங்க. அதுலேருந்து அவ எந்த வயிறு வரைஞ்சாலும் கையி தானா ஒரு புள்ளி வெச்சிரும், மனுசன், மாடு, தவளை, நோட்டுக்குப் பின்னாடி கிறுக்குற பானை, அந்தப் புள்ளி இல்லாம ஒரு வயித்தைப் பாத்தா காதுக்குள்ள டப்புன்னு கேக்கும். ஓதிக்கும் அதான். ஓதின்னாலே ஈரம், மொத்த உடம்பும் ஈரம், சித்திரை வெயிலு செவுத்துல அறையறப்ப உள்ள இருக்கறது எங்க போவும், சின்னதா ஒரு வழி வேணும்ல, இல்லன்னா செவுரே பொளந்துரும். இதான் பதில். எவ்வளவு கெட்டியான பதில், சாருக்கு மறு பேச்சே இருக்காது. ஆனா சொன்னா, எப்படிம்மா உனக்கு இது தெரியும்னு கேப்பாரு. அவரு கேக்காம விட மாட்டாரு. அதுக்கு பூமித்தாயே மேலு.

"பதினெட்டு!" கதவு தொறந்து மூடுச்சு. பதினேழாம் நம்பர் பொண்ணு வெளிய வந்து யாரையும் பாக்காம நேரா நடந்து போச்சு. தமீம், "இது ஊத்திக்கிச்சு போல"ன்னு முணுமுணுத்தான். அப்புறம் பதினெட்டு பத்தே நிமிஷத்துல வந்துச்சு, தமீம் போனான், உள்ளேருந்து ரெண்டு தடவை சிரிப்புச் சத்தம் வந்துச்சு, வந்தான், கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனான். "மனுஷன் பசியில இருக்காரு. வாயைக் கொடுக்காத. அம்மாவைக் காட்டு, கையெழுத்து வாங்கு, வெளிய வா. உனக்கு பரோட்டா." எந்திரிச்சு ட்யூப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள போனா.

உள்ள ஏசி ஓடல. அம்புரோஸ் சார் கைக்குட்டையால கழுத்தைத் தொடைச்சுட்டு இருந்தாரு. மேஜைல டிபன் கேரியர், இன்னும் தொறக்கல. "வாம்மா ஓதி. எங்க, அம்மா வந்தாச்சா?" அவ ட்யூப்பைத் தொறந்து ரெண்டு தாளையும் உருவுனா, சுருண்டு சுருண்டு மூடிக்கிச்சு, ஒரு ஓரத்துல டிபன் கேரியரையே எடுத்து வெச்சாரு சாரு. பூமித்தாய்தான் மேல இருந்துச்சு. அவரு கண்ணாடிய எறக்கல, ஏத்துனாரு. கொஞ்சம் பின்னாடி சாஞ்சு பாத்தாரு.

"அடடா."

அவ ஃபேனைப் பாத்தா.

"இதத்தானம்மா நான் அப்பவே கேட்டேன். மூணு வருஷம் என்கூட மல்லுக்கு நின்ன, இப்பத்தான் ஒரு படம் வரைஞ்சிருக்க. எவ்வளவு சாந்தமா இருக்கு மூஞ்சி. உன் கையிலேருந்து வந்த மாதிரியே இல்ல." சொல்லிட்டே மார்க் ஷீட்டை இழுத்து, பேனாவைத் தொறந்தாரு. இருபது. பெரியநாயகி. பேருக்கு நேரா பேனா முனை எறங்குச்சு. அவ்வளவுதான், இன்னும் ஒரு நொடி. பேசாம இருந்தாப் போதும். பேசாம இருக்கறது ஒண்ணும் புதுசு இல்லையே, அவளுக்கு நல்லா வரும், ஊர்ல எல்லாரும் அவளை வாயாடின்னுதான் நெனச்சுட்டு இருக்காங்க.

"போடாதீங்க சார்."

"என்ன?"

"கையெழுத்து போடாதீங்க. அது பொய்."

சார் நிமிந்தாரு. பேனா பேப்பர்ல இருந்து எழும்பல, அது நின்ன எடத்துல நீலமா ஒரு பொட்டு ஊறுச்சு. "எது பொய்?"

"அம்மா. ஓதிக்கு அம்மாவும் கெடையாது, அப்பனும் கெடையாது. நீங்க கேட்டப்ப வாயில வந்ததச் சொல்லிட்டேன். அது தொப்புள் இல்ல சார், ஓட்டை. உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வெளிய சூடு ஏறுச்சுன்னா ஆவி போக வழி வேணும். இல்லன்னா வெடிச்சிரும்."

அவரு மேல இருந்த தாளை நகத்தி, கீழ இருந்த ஓதியப் பாத்தாரு. வயித்தைப் பாத்தாரு. புள்ளி மேல விரலை வெச்சாரு. வெளிய யாரோ காலி கேனைத் தரையில உருட்டிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு.

"இது சரியா இருக்கேம்மா"ன்னாரு மெதுவா. குரல்ல இருந்த குஷி போயிருச்சு, கொஞ்சம் கோவம்கூட இருந்துச்சு. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எதுக்கு என்னைய பத்தொம்பது நாள் காக்க வெச்ச? இதெல்லாம் எங்க படிச்ச நீ? எப்படித் தெரியும் உனக்கு?"

வந்துருச்சு. இதுக்குத்தான் இவ்வளவு தூரம் சுத்துனது. கையைப் பாத்தா. அம்மா மாதிரியே ரெண்டையும் திருப்பிப் பாக்கறோம்னு தெரிஞ்சதும் கீழ போட்டுட்டா. நாற்காலி ஒண்ணு காலியா இருந்துச்சு, யாரும் சொல்லாமயே இழுத்துப் போட்டு உக்காந்தா.

"வெடிக்க வெச்சது நான்தான் சார்."

"எத?"

"பொம்மைய. நாப்பத்தி ரெண்டு. ஓட்டை போடச் சொல்லுச்சு எங்கம்மா, நான் போடல. தான்தான் மறந்துட்டோம்னு அது நெனச்சுக்கிச்சு. மூணு சாமான் வாங்கப் போனாக்கூட கையில எழுதிட்டுப் போவுது சார். நான் இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட எதுக்கு சொல்றேன்னும் தெரியல." சாருக்கு ஒண்ணும் புரியலைன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. பேனாவை மூடலாமா வேணாமான்னு கையில வெச்சுட்டே இருந்தாரு. அவளுக்கு அவரு புரிஞ்சுக்கணும்னுகூட இல்ல, பாஸா ஃபெயிலான்னுகூட இல்ல, ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்துச்சு, அத எங்கயாவது ஒரு எடத்துல முத தடவை சத்தமா சொல்லிப் பாக்கணும், அப்பத்தான் அடுத்த தடவை சொல்ல வேண்டிய எடத்துல வாயி வரும்.

"எங்கம்மாவுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் கெடையாது சார்."